அணுவில் தங்கும் ஒளி

நாம் அறிந்தவை எல்லாவற்றினும் விரைந்து செல்வது ஒளி. ஒரு வினாடியில் அது ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. காஞ்சிபுரத்தின் தென்பால், பாலாற்றை அடுத்துள்ள செவிலிமேட்டில் ஏற்றிய விளக்கின் ஒளி தடையின்றிச் சென்னை வரையில் செல்லக்கூடுமாயின், இடையிலுள்ள 75 கிலோமீட்டரையும் ஒரு வினாடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் அவ்வழியே பல நூறு முறை போய்விடும்.

இத்துணை வேகமுடைய ஒளியை நிறுத்தி வைக்க இயலுமா? நிறுத்திய ஒளியை நாம் விரும்பும் வேளையில் மீண்டும் புறப்படச் செய்ய இயலுமா? சிறுவன் ஒருவன் கேட்டால் நாம் நகைத்துவிடக் கூடும். ஆயினும் நகைக்கத்தக்க வினா அன்று இது. 2001-ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர் இதனைச் செய்து காட்டினர். அவர்கள் செய்தது என்ன, ஒளி 'நின்றது' என்று சொல்வதன் மெய்ப்பொருள் யாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் நம் உள்ளத்தில் எளிதாகத் தோன்றும் வழியைப் பார்ப்போம். நாற்புறமும் மேலும் கீழும் கண்ணாடி பதித்த அறை ஒன்றை அமைத்து, ஒளியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் என்ன? அது சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பிக் கொண்டே இருக்க வேண்டுமன்றோ? கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். அறையின் அகலம் 3 மீட்டர் என்று கொள்க. ஒளி ஒரு வினாடியில் 10 கோடி முறை சுவரில் மோதும். பதினாயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே விழுங்கி எஞ்சியதைத் திருப்பும் மிகச் சிறந்த கண்ணாடியாக இருப்பினும், பதினாயிரம் முறை மோதியதும் ஒளி மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்துவிடும். அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே ஒளியைக் கூண்டில் அடைத்துக் காப்பது பயன் தரும் வழியன்று.

கறுப்புத் துணியின்மீது விழும் ஒளியும் ஒரு வகையில் தங்கத்தான் செய்கிறது. ஆனால் அது வெப்பமாகிவிடுகிறது. ஒரு கடிதத்தை எரித்துச் சாம்பலைக் காத்து வைப்பது போன்றது அது. சாம்பலிலிருந்து கடிதத்தைப் படிக்க முடியாது. ஒளி சுமந்துவந்த செய்தி கெடாமல், அவ்வொளியைத் தங்கவைக்க வேண்டும். அரிய செயல் அதுவே.

ஒளி எங்கும் ஒரே வேகத்தில் செல்வதில்லை என்பதை மாணவர்கள் அறிவர். நீரில் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டர். கண்ணாடியில் 2 இலட்சம். வைரத்தில் 1 இலட்சத்து 25 ஆயிரத்திற்குச் சற்றுக் குறைவு. நாம் நாள்தோறும் காணும் ஒளி புகும் பொருள்களில் வேகத்தைத் தணிப்பதில் வைரமே முன்னிற்கிறது. அதுவும் பாதிக்குமேல் சற்றே குறைக்கின்றது, அவ்வளவுதான். இவ்வழியில் ஒளியை நடைவேகத்திற்குக் கொண்டுவருவது என்பது கனவிலும் கூடாது.

வேறொரு வழி அணுக்களின் இயல்பில் மறைந்திருந்தது. எரியும் அடுப்பில் சிறிது சமையல் உப்பு விழுந்தால் தீக்கொழுந்து மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். உப்பிலுள்ள சோடியம் அணுக்களின் நிறம் அது. எந்நிறத்தை அவை வெளியிடுகின்றனவோ அந்நிறத்தையே அவை விழுங்கவும் செய்யும். மற்ற நிறங்களை ஏறெடுத்தும் பாரா. அணுவினுள் ஆற்றல், படிக்கட்டுகளைப்போல் குறிப்பிட்ட நிலைகளில்தான் அமைந்திருக்கிறது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறுவதற்குச் சரியான அளவு ஆற்றலைக் கொண்ட ஒளியையே அணு ஏற்கும்.

அவ்வாறு அணு ஏற்கும் நிறத்தை அணுகிய ஒளியை ஒரு வாயுவின் வழியே செலுத்தினால், அதன் போக்கு மிகவும் மாறுபடுகிறது. நிறத்தில் நூலிழை வேறுபாடு உண்டானாலும் ஒளிவிலகல் பெரிதும் மாறும். வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு வேண்டிய பிடி இங்கேதான் உள்ளது. ஆனால் பிடியை நெருங்கும்போது இடர் வந்து சேர்கிறது. அந்நிறத்தை அணுக்கள் விழுங்கிவிடுகின்றன. வேகம் குறையும் இடத்தில் ஒளியே இல்லாமற் போகிறது. மழை வேண்டிய உழவனுக்கு வெள்ளம் வந்தது போன்ற நிலை இது.

இவ்விடரைத் தீர்த்தது இரண்டாவது ஓர் ஒளி. ஓர் ஒளியைக் கொண்டு மற்றோர் ஒளியை ஆள்வது எளிதன்று. இருண்ட கோயிற் பிராகாரத்தில் இருவர் எதிரெதிரே நின்று கைவிளக்குகளைப் பிடித்தால், கதிர்கள் இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவித் தம் வழியே செல்லும். ஒன்று மற்றொன்றைத் தள்ளாது, தடுக்காது. இவ்வாறு ஒவ்வோர் ஒளியும் தனித்தனியே நடந்துகொள்ளும் நிலையை நேரியல் ஒளியியல் என்பர். 1960-ஆம் ஆண்டில் லேசர் தோன்றிய பின்னர் இந்நிலை மாறிற்று. மறு ஆண்டிலேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கன் என்பாரும் அவர் குழுவினரும் சிவந்த லேசர் ஒளியைப் படிகக்கல் ஒன்றில் செலுத்தி, அதன் அதிர்வெண் இருமடங்கான புறஊதா ஒளியைப் பெற்றனர். வலிய ஒளி தான் செல்லும் பொருளின் இயல்பையே மாற்றுகிறது. மாறிய அப்பொருள் ஒளியை வேறு வகையில் நடத்துகிறது. இதனை ஆராயும் பகுதிக்கு நேரிலா ஒளியியல் என்று பெயர்.

இனி, அணுவினை ஒரு வீடாக எண்ணிக்கொள்க. கீழ்த்தளத்தில் அருகருகே இரண்டு அறைகள். மேல்தளத்தில் ஓர் அறை. கீழறை ஒவ்வொன்றிலிருந்தும் மேலறைக்கு ஒரு படிக்கட்டு உண்டு. இடப்பக்கத்துப் படிக்கட்டில் ஏற்றவல்ல ஒளியைச் செய்தி ஒளி என்போம். வலப்பக்கத்துப் படிக்கட்டில் ஏற்றவல்ல ஒளியை ஆளும் ஒளி என்போம். அணு முதலில் இடப்பக்கத்துக் கீழறையில் இருக்கிறது. செய்தி ஒளி மட்டும் வந்தால் அணு அதனை விழுங்கி மேலறைக்கு ஏறிவிடும். ஆனால் வலிமை மிக்க ஆளும் ஒளியும் உடன் வந்தால் நிகழ்வது வியப்பானது. அணு கீழறைகள் இரண்டிலும் ஒரே காலத்தில் பங்கு கொண்ட ஒரு கலப்பு நிலையை அடைகிறது. அலைகளின் இயல்பு அணுவினுள்ளும் உண்டாதலின், அந்நிலையிலிருந்து இரண்டு படிக்கட்டுகளின் வழியாகவும் மேலேறும் முயற்சிகள் ஒன்றுக்கொன்று எதிராக நின்று அழிந்துவிடுகின்றன. இருவர் சமவலிமையுடன் இருபுறமும் இழுக்கும் கயிறு நடுவில் அசையாமல் நிற்பது போன்றது இது. அணு மேலே ஏறுவதில்லை. ஏறாத அணு ஒளியை விழுங்குவதும் இல்லை. சுவர்போல் நின்ற வாயு, ஆளும் ஒளி பட்ட அளவில் பளிங்குபோல் ஒளி புகும் பொருளாகிவிடுகிறது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹாரிஸ் என்பாரும் அவருடன் உழைத்தவர்களும் ஸ்ட்ரான்சியம் ஆவியில் இதனை நிகழ்த்திக் காட்டி 1991-இல் வெளியிட்டனர். மின்காந்தத் தூண்டலால் வரும் ஒளிபுகுமை என்பது இதன் பெயர். பெயர் நீண்டதாயினும் பொருள் எளிது: ஓர் ஒளி வந்து மற்றோர் ஒளிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

அக்கதவு மிகக் குறுகியது. ஒரே ஒரு நிறத்தையும் அதனை ஒட்டிய சிறிதளவையுமே அது உள்ளே விடும். அக்குறுகிய இடைவெளிக்குள் ஒளிவிலகல் செங்குத்தாக ஏறுகிறது. வேகம் குறைவதற்குக் காரணம் இதுவே. இதனை விளங்கிக்கொள்ளக் குளக்கரைக்குச் செல்வோம். காஞ்சிபுரத்துச் சர்வதீர்த்தக் குளத்தைப் போன்ற அகன்ற நீர்ப்பரப்பில், காற்று அடங்கிய வேளையில், சற்றுப் பெரிய கல்லை எறிந்து பாருங்கள். அலைகள் ஒரு கூட்டமாக விரிந்து செல்லும். கூர்ந்து நோக்கினால், தனித்தனி அலை முகடுகள் கூட்டத்தின் பின்புறத்தில் தோன்றி, அதனூடே முன்னோக்கி ஓடி, முன்புறத்தில் மறைவதைக் காணலாம். முகடுகளின் வேகம் வேறு, கூட்டத்தின் வேகம் வேறு. ஆழமான நீரில் கூட்டம் முகடுகளின் வேகத்தில் பாதியே செல்லும். ஒளித்துடிப்பும் இத்தகைய ஒரு கூட்டமே. நெருங்கிய பல நிறங்கள் ஒன்றுகூடி அதனை ஆக்குகின்றன. வாயுவில் ஒவ்வொரு நிறமும் சிறிது சிறிது வேறுபட்டு நடப்பதால், அவை அனைத்தும் ஒத்துச் சேரும் இடம் மெல்ல மெல்லத்தான் நகர்கிறது. நாம் 'ஒளி மெதுவாகச் சென்றது' என்று கூறுவது இக்கூட்டத்தின் நகர்ச்சியையே.

எவ்வளவு மெதுவாக? 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று உலகையே வியப்பில் ஆழ்த்திற்று. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் லேனே ஹாவ் என்னும் பெண் விஞ்ஞானி, மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ரோலண்டு ஆராய்ச்சி நிலையத்தில், சோடியம் அணுக்களின் சிறு மேகத்தில் ஒளித்துடிப்பை வினாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் செல்ல வைத்தார். மணிக்கு 61 கிலோமீட்டர் என்பது அதன் பொருள். அவ்வேகத்தில் செவிலிமேட்டிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ஒளி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நம் பேருந்துகள் செல்லும் வேகம் ஏறக்குறைய அதுதான்.

அச்சோடிய மேகம் எளிதில் கிடைப்பதன்று. அணுக்கள் அங்குமிங்கும் விரைந்து ஓடினால் மேற்சொன்ன குறுகிய கதவு கலங்கிவிடும். ஆகவே ஹாவ் அவற்றை லேசர் ஒளியாலும் காந்தப் பொறியாலும் குளிர்வித்தார். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகையின் இரண்டு கோடியில் ஒரு பங்கே எஞ்சியிருந்தது. அத்தகைய குளிரில் அணுக்கள் தம் தனித்தன்மையை இழந்து ஒரே அலைபோல் நடந்துகொள்ளும். இந்நிலைக்குப் போசு–ஐன்ஸ்டைன் செறிவு என்று பெயர். 1924-ஆம் ஆண்டில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்தியேந்திரநாத் போசு தம் கட்டுரை ஒன்றை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனைத் தாமே செர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டதோடு, அக்கருத்தை விரித்து இந்நிலை உண்டாகும் என்று கணித்தார். கணிப்பு கைகூட எழுபத்தோராண்டு சென்றது. 1995-இல்தான் அணுக்களின் மேகத்தில் இந்நிலையைக் கண்கூடாகக் கண்டனர்.

வேகம் குறையும்போது ஒளித்துடிப்பு சுருங்குகிறது என்பதை இங்கே மறத்தலாகாது. ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் மூன்று பங்கு நேரம் நீடிக்கும் துடிப்பு வெற்றிடத்தில் 900 மீட்டர் நீளமுடையது. அதன் தலை வாயுவில் புகுந்து வேகம் தணிகையில், வால் இன்னும் வெளியே முழுவேகத்தில் வந்துகொண்டிருக்கும். வேகமாக ஓடிவந்தவர்கள் குறுகிய வாயிலில் நெருங்கி நிற்பது போல், 900 மீட்டர் நீளமும் 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். தலைமயிரின் தடிமனை ஒத்த அளவு அது. ஆகவே கண்ணுக்குப் புலப்படுவதே அரிதான ஒரு சிறு மேகத்திற்குள் முழுத்துடிப்பும் இருக்கும் ஒரு கணம் உண்டு.

அக்கணத்தில் ஆளும் ஒளியை அணைத்துவிட்டால் என்ன ஆகும்?

2001-ஆம் ஆண்டு சனவரியில் இவ்வினாவிற்கு இரண்டு விடைகள் வெளிவந்தன. இரண்டும் ஒரே விடையே. ஹாவின் குழு குளிர்ந்த சோடிய மேகத்தில் இதனைச் செய்தது. ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் வானியற்பியல் நிலையத்தில் ரொனால்டு வால்ஸ்வொர்த்து, மிக்கேல் லூக்கின் முதலியோர் வேறொரு வாயுவைக் கையாண்டனர். அவர்களுடைய வாயு குளிர்ந்தது கூட அன்று. கண்ணாடிக் குப்பியில் அடைத்து 70 முதல் 90 பாகை வரை சூடேற்றிய ரூபிடியம் ஆவி அது. இவ்விரண்டு குழுவினரும் ஆளும் ஒளியை அணைத்ததும் செய்தி ஒளி மறைந்தது. மீண்டும் ஆளும் ஒளியை ஏற்றியதும் செய்தி ஒளி பழைய வடிவோடு எழுந்து, தான் சென்ற திசையிலேயே தொடர்ந்து சென்றது. சோடிய மேகத்தில் ஆயிரத்தில் ஒரு வினாடி வரையிலும், ரூபிடிய ஆவியில் அதில் பாதி நேரமும் அது தங்கியிருந்தது. அந்நேரத்தில் தடையின்றிச் சென்றிருக்குமாயின் அவ்வொளி 150 முதல் 300 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்திருக்கும்.

ஒளி நின்றுவிட்டது என்று நாளேடுகள் எழுதின. சொல் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் கூர்ந்து நோக்கினால், ஆளும் ஒளி அணைந்திருந்த வேளையில் அம்மேகத்தினுள் செய்தி ஒளி என்று ஒன்றுமே இருக்கவில்லை. அப்படியாயின் தங்கியிருந்தது எது?

இதற்கு விடை சொல்லச் செவிலிமேட்டையும் காஞ்சி நகரத்தையும் சேர்ந்த பட்டுத் தறிகளே துணை செய்யும். தறியின் மேலே சாக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஊடை நூலைத் தாங்கிய நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் எந்தப் பாவு நூல்கள் மேலெழ வேண்டும், எவை தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை அவ்வட்டைகளின் துளைகள் முடிவு செய்கின்றன. முந்தானையில் விளங்கும் மயிலும் அன்னமும் முதலில் துளைகளாக அங்கே இருந்தவைதாம். அட்டையில் பட்டு இல்லை, சரிகை இல்லை, நிறமும் இல்லை. ஆயினும் மயில் அங்கே இருக்கிறது. புதிய பட்டும் புதிய சரிகையும் ஓடவிட்டால் அதே மயில் மீண்டும் தோன்றும்.

ஒளித்துடிப்பும் இவ்வாறே அணுக்களில் எழுதப்படுகிறது. துடிப்பின் எப்பகுதி வலியது, எப்பகுதி மெலிந்தது, அலை எவ்விடத்தில் ஏறி எவ்விடத்தில் இறங்கியது என்ற விவரங்கள் அனைத்தும், மேகத்தின் ஒவ்வோரிடத்திலும் அணுக்கள் இரண்டு கீழறைகளிலும் எவ்வளவு பங்கு கொண்டுள்ளன என்னும் கணக்காகப் பதிந்துவிடுகின்றன. செய்தி ஒளியின் ஆற்றலோ பெரும்பாலும் ஆளும் ஒளியோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது. மீண்டும் ஆளும் ஒளி வரும்போது, அது தன் ஆற்றலையே கொடுத்து, அணுக்களில் எழுதியுள்ள கணக்கின்படி செய்தி ஒளியை நெய்து தருகிறது. நூல் புதியது, கோலம் பழையது.

உவமை ஓரிடத்தில் தவறுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தறியின் அட்டையைக் கொண்டு நூறு புடைவைகள் நெய்யலாம். வேண்டினால் அட்டையைப் பார்த்து இன்னோர் அட்டை அடிக்கலாம். அணுக்களில் எழுதியது ஒருமுறை ஒளியாக எழுந்ததும் அழிந்துவிடும். அதற்குப் படியெடுக்கவும் முடியாது. இக்குறை பெரும் பயனாக மாறுவதைப் பின்னர்க் காண்போம்.

ஒளி அணுவிடத்தில் ஏதோ ஒன்றை விட்டுச் செல்லக்கூடும் என்பதை உலகிற்கு முதன்முதல் தெளிவாகக் காட்டியவருள் தலைசிறந்தவர் நம் நாட்டவரே. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், 1928-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் கல்கத்தாவில் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பை வெளிப்படுத்தினார். அவருக்குத் துணைநின்றவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ஒரு நிறத்து ஒளி நீர்மம் ஒன்றில் புகுந்து சிதறும்போது, அதில் மிகச் சிறுபகுதி வேறு நிறத்தோடு வெளிவருகிறது. இரண்டு நிறங்களுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு மூலக்கூற்றினிடத்தில் தங்கிவிடுகிறது. இதுவே இராமன் விளைவு. ஒளியைத் தங்கவைக்கும் முறையிலும் இவ்விரண்டு நிறக் கணக்கே உள்ளுறையாக இருக்கிறது. செய்தி ஒளியின் ஒரு துகள் மறைந்து, ஆளும் ஒளியில் ஒரு துகள் கூடி, இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அணுவில் எஞ்சுகிறது. இராமன் கண்டது தற்செயலாக இங்கொன்றும் அங்கொன்றுமாக நிகழ்வது. இங்கோ அந்நிகழ்ச்சியை இரண்டு லேசர்கள் சேர்ந்து நம் விருப்பப்படி நடத்துகின்றன. இராமன் 1948-இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் இன்று குளிர்ந்த அணுக்களையும் ஒளியையும் பற்றிய ஆராய்ச்சிகள் நடைபெறுவது பொருத்தமானதே.

அணுக்களில் எழுதியது நெடுநேரம் நிலைப்பதில்லை. சூடான ஆவியில் அணுக்கள் ஓடி ஒளிக்கதிரின் எல்லையைத் தாண்டிவிடும். குப்பியின் சுவரில் மோதினால் தாம் நினைவில் வைத்திருந்ததை மறந்துவிடும். ஆகவே ஆவியோடு ஹீலியம், நியான் போன்ற மந்த வாயுவைக் கலந்து அவற்றின் ஓட்டத்தைத் தடுக்கின்றனர். சுவரின் உட்புறத்தில் மெழுகு பூசுவதும் உண்டு. மெழுகில் மோதித் திரும்பும் அணு தன் நிலையை எளிதில் இழப்பதில்லை. நுட்பம் மிக்க ஆராய்ச்சிக்கு மெழுகுவர்த்தியின் உறவினப் பொருள் துணைசெய்வது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. திண்மப் படிகத்தில் அணுக்கள் ஓடுவதே இல்லையாதலின் அங்கே நினைவு நீளும். செர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் 2013-இல் இம்முறையைக் கொண்டே ஒரு நிமிடம் வரையில் ஒளியைப் படிகத்தில் தங்கவைத்தனர். 2021-இல் சீனத்தின் ஹெபெய் நகரத்தில், வேறொரு முறையைக் கையாண்டு, ஒரு மணி நேரம் தங்கவைத்தனர்.

இவ்வளவு பாடுபட்டு ஒளியைத் தங்கவைப்பது எதற்கு? இன்று நம் தொலைபேசிச் செய்திகளைச் சுமந்து செல்வன மண்ணுக்கடியில் ஓடும் கண்ணாடி இழைகள். மிகச் சிறந்த இழையிலும் ஒவ்வொரு 15 கிலோமீட்டருக்கும் ஒளி பாதியாகக் குறைகிறது. சென்னையில் புறப்பட்ட 100 ஒளித்துகள்களில் காஞ்சிபுரம் சேர்வன மூன்றே. பெங்களூர் வரையிலான ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வழியைக் கடப்பது ஒரு கோடியில் ஒன்றுதான். இன்றைய செய்திப் போக்குவரத்தில் இதனால் இடர் இல்லை. வழியிடையே ஒளியைப் பெருக்கிவிடுகின்றனர். ஆனால் களவாட முடியாத இரகசியச் செய்திகளை ஒவ்வோர் ஒளித்துகளாக அனுப்பும் குவாண்டம் முறை ஒன்று உண்டு. அதன் பாதுகாப்பிற்கு அடிப்படையே, ஒரு துகளின் நிலையைப் படியெடுக்க இயலாது என்னும் இயற்கை விதி. திருடன் படியெடுக்க முடியாது. அதே காரணத்தால் வழியில் நின்று பெருக்கவும் முடியாது.

அதற்கு மாற்று, நீண்ட வழியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடையிடையே நிலையங்கள் அமைப்பது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே முயன்று இணைப்பை உண்டாக்கிக் கொள்ள வேண்டும். பின்னர் அப்பகுதிகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். இங்கேதான் நினைவு தேவைப்படுகிறது. இருவர் பகடை உருட்டுகின்றனர் என்க. இருவருக்கும் ஒரே வேளையில் ஆறு விழ வேண்டுமாயின், சராசரியாக 36 முறை உருட்ட வேண்டும். முதலில் ஆறு பெற்றவர் அதனை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவருக்காகக் காத்திருக்கலாம் என்றால் ஏறத்தாழ 9 முறை போதும். உருட்டுபவர் பலரானால் இவ்வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமாக வளரும். முதலில் வெற்றி பெற்ற பகுதி தன் வெற்றியைக் கெடாமல் காத்துக் காத்திருக்கும் இடம், ஒளியைத் தங்கவைக்கும் அணுக்களே.

இந்திய அரசு 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் தேசியக் குவாண்டம் திட்டத்திற்கு இசைவளித்தது. 6,003 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் 2030–31 வரை நடைபெறும் இத்திட்டத்தின் குறிக்கோள்களுள், குவாண்டம் நினைவுகளைக் கொண்ட பல்நிலைய வலையமைப்பும் ஒன்று. குவாண்டம் செய்தித் தொடர்பிற்கான பகுதிக்குச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தலைமை ஏற்றுள்ளது.

வழியில் உள்ள தடைகள் பல. ரூபிடியம் அணு ஏற்கும் நிறம் வேறு, கண்ணாடி இழையில் நெடுந்தூரம் செல்லும் நிறம் வேறு. ஆகவே துகளின் நிறத்தை, அதன் செய்தி கெடாமல், மாற்றியாக வேண்டும். அதனைச் செய்ய நேரிலா ஒளியியல் படிகங்கள் பயன்படுகின்றன. தங்கிய ஒளியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது மற்றொரு வினா. தைவானில் 2018-இல் குளிர்ந்த சீசியம் அணுக்களிலிருந்து 100-க்கு 92 பங்கு திரும்பப் பெற்றனர். ஆனால் அங்கே ஒளி தங்கிய நேரம் மிகக் குறைவு. டார்ம்ஸ்டாட்டில் ஒரு நிமிடம் தங்கிய ஒளியிலோ நூற்றில் ஒரு பங்கு கூடத் திரும்பவில்லை.

தங்கிய ஒளியை எடுத்துச் செல்லவும் முயன்றுள்ளனர். 2007-இல் ஹாவின் குழு ஒரு சோடிய மேகத்தில் எழுதிய ஒளியை 0.16 மில்லிமீட்டர் தள்ளியிருந்த மற்றொரு மேகத்தில் எழுப்பியது. அவ்விரண்டு மேகங்களுக்கும் இடையே அச்செய்தி ஒளியாகச் செல்லவில்லை. அணுக்களின் ஒரு சிறு அலையாகவே நடந்து சென்றது. 2020-இல் செர்மனியின் மைன்சு பல்கலைக்கழகத்தார் ஒளி எழுதிய ரூபிடியம் அணுக்களை லேசர் ஒளியாலேயே பிடித்து, 1.2 மில்லிமீட்டர் தூரம் சுமந்து கொண்டுபோய், அங்கே ஒளியை விடுவித்தனர்.